எங்க வீட்ல ஆர்.ஓ. இருக்கு

போன பொங்கலுக்கு இந்த ஊரில் இருக்கிற நம்மவர்கள் ஏழெட்டுக் குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து சாப்பிட்டோம். சர்க்கரை ஆலை எஞ்சினியர், ரயில்வேக்காரர், காலேஜ் வாத்தியார், இன்சூரன்ஸ்காரர், அப்புறம் பேங்க்காரன் நான். இலையில் பொரியல் விழுவதற்குள் பேச்சு வழக்கம்போல் தண்ணிக்கு வந்துவிட்டது. "இந்த ஊர் குழாய்த் தண்ணியை மனுஷன் குடிப்பானா சார்?" என்று ஒருத்தர் ஆரம்பிக்க, பக்கத்தில் இருந்தவர் மோர்க்குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "விடுங்க சார், நமக்கென்ன. எங்க வீட்ல ஆர்.ஓ. இருக்கு."

எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். ஆனால் எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இந்தப் பதிவு அந்த ஒரே ஒரு வாக்கியத்துக்கு எதிராக எழுதுவது. படிக்கிற யாரையும் குத்திக் காட்ட இல்லை, ஏனென்றால் முதல் குற்றவாளியே நான்தான். எப்படி என்று சொல்கிறேன்.

ஊர் பேர் வேண்டாம். தெற்கு மகாராஷ்டிரா, சாங்லி பக்கம், கிருஷ்ணா நதியை நம்பி இருக்கிற ஒரு சின்ன ஊர். 2021ல் மாற்றலாகி வந்தேன். நகராட்சித் தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள், முக்கால் மணி நேரம். வந்த முதல் மாசமே வாட்டர் ஃபில்டர் விற்கிற பையன் கதவைத் தட்டிவிட்டான். டை கட்டிக்கொண்டு, கையில் ஒரு சின்னப் பெட்டி. இரண்டு டம்ளர் கேட்டான். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணி, இன்னொன்றில் அவன் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணி. பெட்டியில் இருந்த கம்பிகளை இரண்டிலும் விட்டு ப்ளக்கைச் சொருகினான். ஒரே நிமிஷம். குழாய்த் தண்ணி முதலில் மஞ்சள், அப்புறம் பச்சை, கடைசியில் சாக்கடைக் கறுப்பு. ஆர்.ஓ. தண்ணி அப்படியே பளபளவென்று இருந்தது. "வஹினி, இதைத்தான் உங்க குழந்தைங்க குடிக்கிறாங்க" என்றான். அவ்வளவுதான், வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்த பார்வையில் 16,800 ரூபாய்க்கு செக் எழுதிவிட்டேன்.

அந்தக் கறுப்பு எதுவும் தண்ணியில் இருந்த அழுக்கு இல்லை என்று எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆச்சு. இரும்புக் கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகும். தண்ணியில் உப்புச் சத்து இருந்தால்தான் மின்சாரம் பாயும். உப்பை எடுத்துவிட்ட ஆர்.ஓ. தண்ணியில் பாயாது, அதனால் கலர் மாறாது. இதுதான் அந்த வித்தை. பின்னால் அதே மாதிரி இன்னொரு பையன் வந்தபோது, ப்ளக்கைக் கழற்றச் சொல்லி, அவனுடைய ஆர்.ஓ. டம்ளரில் இரண்டு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். அதுவும் கறுத்தது. பாவம், பையன் ஒன்றும் பேசாமல் பெட்டியை மூடிக்கொண்டு போனான். அவனுக்கும் மாசம் இத்தனை என்று டார்கெட் இருக்கும். எங்கள் தொழிலிலும் உண்டு, தெரியாதா என்ன :-)

அடுத்தது அந்தப் பேனா மாதிரி இருக்கிற டி.டி.எஸ். மீட்டர். எங்கள் தொழிலில் டி.டி.எஸ். என்றால் வட்டியில் பிடித்துக்கொள்கிற வரி. தண்ணியில் டி.டி.எஸ். என்றால் கரைந்திருக்கிற மொத்த உப்பு. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்வது, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை பரவாயில்லை என்று. எங்கள் குழாயில் வந்தது 210. ஆற்றுத்தண்ணி, அப்படித்தான் இருக்கும். 500க்குக் கீழே இருக்கிற இடங்களில் ஆர்.ஓ.வே கூடாது என்று 2019ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட் வரை போனது தனிக்கதை. விஷயம் என்னவென்றால், அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது. மஞ்சள் காமாலை வைரஸ் கோடிக்கணக்கில் மிதந்தாலும் அது 210 என்றுதான் காட்டும்.

இனிதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவை இங்கே வழக்கப்படி மாவ்ஷி என்று கூப்பிடுவோம். சித்தி என்று அர்த்தம். 2023 ஆகஸ்டில் அவங்க பெண் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நம்ம ஊர் மாதிரியேதான். ஏழு மாசம். ஒரு நாள் மாவ்ஷி வந்து, "வஹினி, பொண்ணுக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு" என்றாங்க. அவங்க தெருவில் ஏற்கனவே நாலைந்து பேருக்குக் காமாலை. யாரோ சொன்னார்கள் என்று வேரை அரைத்துக் கொடுத்து மூன்று நாள் போய்விட்டது. அப்புறம் மிரஜுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஹெபடைடிஸ் ஈ என்றார்கள். சாக்கடை கலந்த குடிதண்ணியில் வருவது. மற்றவர்களுக்கு அநேகமாகச் சில வாரத்தில் சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மாசங்களில் வந்தால், ஐந்தில் ஒரு உயிர்வரை எடுத்துக்கொண்டு போய்விடும். பதினெட்டு நாள் கழித்துப் பெண் பிழைத்து வந்தாள். குழந்தை வரவில்லை.

பத்து நாள் கழித்து மாவ்ஷி வேலைக்கு வந்தாங்க. பாத்திரம் தேய்த்து முடித்து, சிங்க் குழாயைத் திறந்து, கையைக் குவித்துத் தண்ணி குடித்தாங்க. ஒரு முழம் தள்ளி சுவரில் எங்கள் ஆர்.ஓ. நீல விளக்கோடு தொங்குகிறது. இரண்டு வருஷமாக அவங்க அந்தக் குழாயில்தான் குடித்திருக்கிறாங்க. நாங்கள் யாரும் "இதில் குடிங்க" என்று சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை. தோன்றவே இல்லை. அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது சொல்லுங்கள்.

என் மனைவிக்கு அன்று முழுக்கப் பேச்சில்லை. ராத்திரி, "ஏங்க, நாம மட்டும் தப்பிச்சுட்டோம்ல" என்றாள். அதற்கப்புறம்தான் பி.காம். படித்த இந்த மண்டைக்கு, தண்ணி எங்கிருந்து எப்படி வருகிறது என்று விசாரிக்கத் தோன்றியது.

நம்மில் பாதிப்பேர் நினைப்பது, ஆற்றிலிருந்து அப்படியே அழுக்காக வருகிறது என்று. இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போட்டு, மணலில் வடித்து, குளோரின் போட்டுத்தான் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். கெடுவது வழியில். வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் போய்விடுகிறது. நம் வீடுகளுக்கு வருகிற சின்ன இரும்புக் குழாய்கள் அநேகம் சாக்கடைக்குள்தான் ஓடுகின்றன. துருப்பிடித்து ஓட்டை. அழுத்தம் இருக்கும்போது அந்த ஓட்டை வழியாகத் தண்ணி வெளியே கசியும். அழுத்தம் இல்லாத 47 மணி நேரம் சாக்கடை உள்ளே கசியும். அடுத்த முறை வால்வைத் திறந்ததும் முதலில் யார் வீட்டுக்குப் போகிறதோ அவர்கள் குடிக்கிறார்கள்.

இதற்கு மேல் ஒரு கொடுமை, லைனில் நேராக மாட்டுகிற மோட்டார். எங்கள் குடியிருப்பில் 24 வீடு. எங்கள் மோட்டாரும் தெருக் குழாயிலேயே மாட்டியிருந்தது. ஸ்விட்சைப் போட்டால் பம்ப் உறிஞ்சுகிற உறிஞ்சலில் தெருக்குழாயே வெற்றிடமாகி, ஓட்டையெல்லாம் சாக்கடையை இழுக்கும். எங்களுக்குப் பின்னால், குழாயின் கடைசியில் இருப்பது யார் தெரு? மாவ்ஷியின் தெரு. அன்றைக்கு வந்த சாக்கடையில் எங்கள் மோட்டார் இழுத்தது எவ்வளவு என்று எந்த லேபிலும் சொல்ல முடியாது. ஆனால் துளிகூட இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

இது என் கற்பனை என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் ஹூப்ளி-தார்வாடில் 2008லிருந்து சில வார்டுகளில் 24 மணி நேரமும் தண்ணி விட்டார்கள், மற்ற வார்டுகளில் பழையபடி சில நாளுக்கு ஒருமுறை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் பரிசோதித்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். விட்டுவிட்டு வந்த பக்கம், குழாயில் பிடித்த மாதிரிகளில் சுமார் 32 சதவீதத்தில் ஈ.கோலை. தொடர்ந்து வந்த பக்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஊர் ஒன்று, வார்டுதான் வேறு. நடுவில் இருந்த பெரிய வித்தியாசம் குழாயும் அதில் விடாமல் நின்ற அழுத்தமும்.

காமாலைக் கதையும் புதிதில்லை. 1955-56ல் டெல்லியில் யமுனை திசை மாறி, சாக்கடை பின்வாங்கி, வஜீராபாத்தில் தண்ணி எடுக்கும் இடத்தில் கலந்து, சுமார் 29,000 பேருக்குக் காமாலை. எங்களுக்கு அடுத்த மாவட்டம் இச்சல்கரஞ்சியில் 2012ல். சிம்லாவில் 2015-16ல். வருஷா வருஷம் சுத்தமான நகரம் என்று பரிசு வாங்கிய இந்தூரிலேயே 2025 டிசம்பர் கடைசியில் பாகீரத்புராவில் குடிதண்ணிக் குழாயில் சாக்கடை கலந்து ஆட்கள் செத்தார்கள். தெரு பெருக்கியதற்குப் பரிசு உண்டு. தெருவுக்கு அடியில் இருப்பதை யார் பார்க்கிறார்கள்?

சரி, நகராட்சியில் கேட்டேன். எஞ்சினியர் நல்ல மனிதர், டீ எல்லாம் கொடுத்தார். "எல்லாம் சரியா இருக்கு சாஹேப், தினமும் குளோரின் பார்க்கிறோம்" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கென்ன, உங்க பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு ஃபில்டர் இருக்கே!"

பொங்கல் விருந்தில் கேட்ட அதே வாக்கியம், அங்கே எனக்கு முதலில் கிடைத்தது இப்படித்தான். நமக்கு நிம்மதியாக இருப்பது அவர்களுக்குச் சாக்காக இருக்கிறது.

பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். 2023 ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் குளோரின் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று. வந்தது. குழாய் முனையில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். பதிவேட்டில் 92 நாளும் 0.2. மழையோ வெயிலோ, 0.2. ரோடு தோண்டியதில் மெயின் குழாய் உடைந்து நாலு நாள் ஊருக்கே தண்ணி வரவில்லையே, அந்த நாலு நாளும் 0.2! ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே மூச்சில் எழுதியது.

மக்களே, எனக்குத் தண்ணி தெரியாது. பதிவேடு தெரியும். இருபது வருஷமாக அதைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஒரு கிளையில் 92 நாள் மாலைக் கையிருப்பு ஒரே தொகையாக இருந்தால் அன்றைக்கே இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்துவிடுவார். பத்து ரூபாய் இடித்தாலே ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து தேடுகிற தொழில் எங்களுடையது. ஒரு ஊரே குடிக்கிற தண்ணிக்கு அந்த மரியாதைகூட இல்லை. விற்கிற பாட்டிலுக்காவது லைசென்ஸ் உண்டு, சட்டம் உண்டு. ஐ.எஸ். 10500 நகராட்சிக் குழாய்க்கு வெறும் வழிகாட்டிதான், மீறினால் தண்டனை இல்லை.

குளோரின் பார்க்கிற சின்ன கிட் ஒன்றை நானே வாங்கினேன். சில நூறு ரூபாய்தான். குழாய்த் தண்ணியில் சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். (சோதித்த தண்ணியைக் கீழே ஊற்றிவிடுங்கள், குடிக்கக்கூடாது.) இரண்டு மாசத்தில் தண்ணி வந்தது 30 நாள். மஞ்சள் வந்தது 9 நாள். அப்புறம் சாக்கடைக் கிருமி இருந்தால் கறுத்துப்போகிற சோதனை பாட்டில் மூன்று வாங்கினேன். ஒன்று மேல்நிலைத் தொட்டி அடியில் பிடித்தது, வால்வ் திறக்கிறவர் எங்கள் கிளை வாடிக்கையாளர். ஒன்று எங்கள் வீட்டில். ஒன்று மாவ்ஷி தெருவில். மறுநாள் காலையில் முதல் இரண்டும் அப்படியே இருந்தன. மூன்றாவது மை மாதிரி கறுத்திருந்தது. தொட்டியில் நன்றாக இருந்த தண்ணி அந்தத் தெருவுக்குப் போவதற்குள் கெட்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வேண்டாம். யாராவது ஒருத்தர் பார்த்தால் போதும்.

இப்போது கணக்கு. என் மெஷின் 16,800. ஏழு வருஷம் உழைக்கும் என்று வைத்தால் வருஷத் தேய்மானம் 2,400. பராமரிப்பு ஒப்பந்தம் 4,600. ஆக வருஷம் 7,000. எங்கள் 24 வீட்டுக்கு 1,68,000. நகராட்சிக்குக் கட்டுகிற தண்ணி வரி வீட்டுக்கு 1,800, 24 வீட்டுக்கு 43,200. அதாவது ஊர்த் தண்ணிக்குக் கொடுப்பதைப்போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு, ஊர்த் தண்ணியை நம்பாமல் இருப்பதற்குக் கொடுக்கிறோம். இதில் மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டரை வெளியே தள்ளுவது வேறு. வரியில் 200 ரூபாய் ஏற்றினால் கொடி பிடிக்கிற நாம், இந்த 7,000க்கு முணுமுணுப்பதுகூட இல்லை.

ஜார் தண்ணிக்காரர்களையும் விட முடியாது. இங்கே கல்யாணம், கடை, எங்கள் பேங்க் எல்லா இடத்திலும் சில்லென்று ஜார். சீல் கிடையாது, தேதி கிடையாது. அந்தத் தொழிலுக்கு முத்ரா கடன் கேட்டு வந்த இரண்டு விண்ணப்பத்தில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மெஷின் கொட்டேஷன் பார்த்தேன், லாபக் கணிப்பு பார்த்தேன். "தண்ணியைப் பரிசோதித்தீர்களா" என்று கேட்கவில்லை, ஏனென்றால் படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை. இப்போது கட்டம் இல்லாவிட்டாலும் கேட்கிறேன்.

"அதெல்லாம் நம்ம நாட்டில் நடக்காது சார்" என்பீர்கள். கராட் பக்கத்தில் மல்காப்பூர் என்று எங்கள் ஊரைவிடச் சின்ன ஊர். 2000களின் கடைசியிலேயே வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து 24 மணி நேரமும் தண்ணி கொடுத்துக் காட்டினார்கள். ஒடிசாவில் பூரி. கோயிலுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருகிற ஊர். 2021 ஜூலையில் குழாயிலிருந்தே நேராகக் குடிக்கலாம் என்று அறிவித்தார்கள். அங்கே எனக்குப் பிடித்தது ஜல்சாதி ஏற்பாடு. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து, பில் வசூலித்து, அந்த வீட்டு வாசலிலேயே தண்ணியையும் சோதித்துக் காட்டுகிறார்கள். காசு வாங்க வருகிறவரே தரத்தையும் காட்ட வேண்டும். இதைவிட நல்ல உள்தணிக்கை எங்கள் பேங்கில்கூட இல்லை. 2019ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் டெல்லியிலும் 20 மாநிலத் தலைநகரங்களிலும் குழாய்த் தண்ணியைச் சோதித்தபோது மும்பையில் எடுத்த பத்து மாதிரியும் தேறின. நம்ம சென்னையில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆக, முடியாது என்பது பொய். சில ஊரில் செய்தார்கள், சில ஊரில் செய்யவில்லை.

உப்போ ஃபுளோரைடோ இருக்கிற நிலத்தடி நீருக்கு ஆர்.ஓ. வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கேகூட வீட்டுக்கு வீடு மெஷின்தான் வழி என்றில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஃபுளோரைடால் பல் கறுத்து எலும்பு வளைந்த ஊர்களுக்கு 2013ல் ஒகேனக்கல் காவிரித் தண்ணியைக் கொண்டுபோனார்கள். கூலிக்காரர் வீட்டுக்கும் சேர்த்துத்தான் அந்தக் குழாய் போனது.

நம்மை மாதிரி வெளியூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி வியாதி உண்டு. "இன்னும் ரெண்டு வருஷத்துல ட்ரான்ஸ்ஃபர், நமக்கு எதுக்கு வம்பு" என்பது. ஓட்டு சொந்த ஊரில், வார்டு மெம்பர் பேர் தெரியாது, மராத்தியில் சண்டை போட வராது. மெஷினைக் கழற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். இருபது வருஷத்தில் ஆறு ஊர் அப்படித்தான் போனேன். ஆறு ஊரிலும் ஒரு மாவ்ஷி இருந்திருப்பாங்க. ஒருத்தர் வீட்டுத் தண்ணியைப் பற்றியும் நான் கேட்டதில்லை.

செய்ததைச் சொல்லிவிடுகிறேன், பெரிய சாதனை ஒன்றும் இல்லை. குடியிருப்பில் நாலு மாசம் சண்டை போட்டு, லைனில் இருந்த மோட்டாரை எடுத்துவிட்டுக் கீழ்த்தொட்டி கட்டினோம். இப்போது தண்ணி தானாக விழுகிறது, பம்ப் தொட்டியிலிருந்து ஏற்றுகிறது. மாவ்ஷி தெருவில் சாக்கடைக்குள் ஓடிய குழாயை மாற்றக் கேட்டு 60 வீட்டிலும் கையெழுத்து வாங்கினோம். என் 30 நாள் கணக்கையும் அவர்களுடைய 92 நாள் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்து மனுவோடு இணைத்தேன். பாதித் தெருவுக்குப் புதுக்குழாய் வந்திருக்கிறது. மீதி "நிதி வந்ததும்". அதுவரை அங்கே எல்லா வீட்டிலும் நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறோம். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் கிருமி செத்துவிடும். ஆனால் கேஸ் விலையில் அதையும் எத்தனை வீடு செய்யும் என்று எனக்குத் தெரியாதா?

ஆர்.ஓ.வைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. என் வீட்டிலும் இன்னும் தொங்குகிறது. ஆனால் அதைச் சொல்லிப் பேச்சை முடிக்காதீர்கள். அடுத்த பொங்கலுக்கு யாராவது "எங்க வீட்ல ஆர்.ஓ. இருக்கு" என்றால் நான் ஒன்றே ஒன்று கேட்கப்போகிறேன்: உங்க வீட்ல வேலை செய்யற அம்மா எதுல சார் குடிக்கிறாங்க?

பி.கு: அந்தப் பெண் இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். ஐந்தாம் மாசம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பலாமா என்று புருஷன் வீட்டில் யோசிக்கிறார்களாம். அவங்க வீடு புதுக்குழாய் வராத பாதியில் இருக்கிறது. திங்கட்கிழமை மறுபடி நகராட்சிக்குப் போகிறேன்.